கோபுரம் எட்டும் தூரம்: சென்னைத் தொலைக்காட்சியும் பழவேற்காட்டு மீனவ ஊர்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட வடிவம்)

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தில்லிக்கு 1959இலேயே தொலைக்காட்சி வந்துவிட்டது. பம்பாய்க்கு 1972இல் வந்தது. கல்கத்தாவுக்குச் சென்னையைவிடச் சில நாள் முந்தி வந்தது. இந்நிலையங்கள் யாவும் பெருநகரங்களுக்கென நிறுவப்பட்டவை. ஆயினும் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை மாநகராட்சி எல்லையில் நின்றுவிடுவதில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. வடக்கே பழவேற்காடு ஏரி. அதன் தென்கரையிலும் கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலும் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், கோரைக்குப்பம், சாத்தான்குப்பம் என மீனவ ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டினால் சென்னையின் படம் அங்கே தெரிந்தது. நகரத்துக்காகப் பேசிய நிலையம் அந்த ஊர்களுக்கும் பேசத் தொடங்கியது.

அவையோர் முன் வைக்கப்படும் கருத்து ஒன்றே. ஒரு நிலையத்தை ஒரு மொழியின் நிலையம் என்று சொல்ல, அது அம்மொழியில் பேசினால் மட்டும் போதாது. அம்மொழி பேசுவோர் எந்தத் தொழிலால் பிழைக்கிறார்களோ அந்தத் தொழிலின் நேரமும் சொல்லும் இடரும் அதன் நிகழ்ச்சிகளுக்குள் வந்திருக்க வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி முதற்பாதியை நன்றாகவே செய்தது. இரண்டாம் பாதி எவ்வளவு நிறைவேறியது என்பதை அளந்தறியப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான இடம் சென்னைக்கு அருகில் வேறில்லை.

1. அலையும் எல்லைக்கோடும்

பழவேற்காடு இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் அதில் வந்து விழுகின்றன. பக்கிங்காம் கால்வாய் அதனூடே செல்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளன. ஆந்திர மாநிலம் 1953இல் பிரிந்தது. எல்லை மாற்றங்கள் 1960 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. நிலத்தில் கல் நட்டு எல்லை காட்டலாம்; நீரில் அது எளிதன்று. ஏரியின் இருபுறத்து மீனவர்களிடையே எல்லைத் தகராறு இன்றளவும் அவ்வப்போது எழுகிறது. ஆந்திர எல்லைக்குள்ளும் இருக்கம் தீவு போலத் தமிழ் பேசும் ஊர் உண்டு. தமிழகக் கரையிலோ தெலுங்கு தெரிந்தோர் பலர். வலை, படகு, மீன் வியாபாரம் மூன்றும் இரு மொழியிலும் நடக்கின்றன.

இந்த இருமொழிக் கரைக்குச் சென்னையிலிருந்து முதலில் பேசியது வானொலி. 1938 ஜூன் 16 அன்று தொடங்கிய சென்னை வானொலி நிலையம், அன்றைய சென்னை மாகாணத்துக்கு ஏற்றபடி, தமிழிலும் தெலுங்கிலும் நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. விஜயவாடா நிலையம் 1948 டிசம்பரில் வந்த பிறகு தெலுங்கு ஒலிபரப்பின் மையம் வடக்கே நகர்ந்தது. மொழிவழி மாநிலம் அமையும் முன்பே மொழிவழி நிலையம் அமைந்துவிட்டது. தொலைக்காட்சி வந்தபோது இந்தப் பிரிவினை முதல் நாளிலிருந்தே நிலவியது. சென்னை தமிழுக்கு, 1977 அக்டோபரில் தொடங்கிய ஐதராபாத் தெலுங்குக்கு. ஆனால் அலை மொழியைப் பார்ப்பதில்லை, தூரத்தைத்தான் பார்க்கிறது. ஏரியின் ஆந்திரக் கரைக்கும் அண்டையிலிருந்த பெரிய கோபுரம் சென்னையுடையதே. ஐதராபாத்தோ பல நூறு கி.மீ. தொலைவில் இருந்தது. மொழியால் ஐதராபாத்துக்கும் அலையால் சென்னைக்கும் உரியதாக ஒரு கரை ஆயிற்று.

தரைவழி ஒளிபரப்பின் இந்த இயல்பை இன்று பலர் மறந்துவிட்டனர். செயற்கைக்கோள் வந்த பிறகு எந்த மொழியும் எந்த ஊருக்கும் வரும். அதற்கு முன் ஒரு குடும்பம் எந்த மொழியில் செய்தி பார்த்தது என்பதைக் கம்பத்தின் உயரமும் காற்றின் ஈரப்பதமும் கூடத் தீர்மானித்தன. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், தமிழகக் கடற்கரையில் பூஸ்டர் பொருத்திய ஆண்டெனாக்கள் தெற்கே திரும்பியதற்குக் காரணம் இதுவே.

2. லாஸ் ஏஞ்சலிசில் ஓர் ஒப்புமை

பெருநகரம் ஒன்றில் ஒரு மொழிக்கென நிலையம் நடத்துவது எப்படிப்பட்ட வேலை என்பதற்கு அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நல்ல சான்று. டெக்சாசின் சான் அந்தோனியோவில் ராவுல் கோர்டெஸ் என்பவர் 1946இல் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1955இல் தொலைக்காட்சிக்கும் வந்தார். லாஸ் ஏஞ்சலிசில் 1962இல் கேஎம்ஈஎக்ஸ் நிலையம் 34ஆம் அலைவரிசையில் தொடங்கியது. நகரில் ஸ்பானியம் பேசுவோர் இலட்சக்கணக்கில் இருந்தனர். ஆனால் ஆங்கில நிலையங்கள் நல்ல விஎச்எஃப் அலைவரிசைகளை முன்பே எடுத்துக்கொண்டிருந்தன. மிஞ்சியது யூஎச்எஃப். அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் பெரும்பாலானவை அதைப் பிடிக்கமாட்டா. தனிக் கருவி வாங்கிப் பொருத்த வேண்டும். புதிய பெட்டிகள் யாவும் இரு வகை அலைவரிசையையும் பிடிக்க வேண்டும் என்ற சட்டம் 1962இல்தான் நிறைவேறியது. ஆகவே தம் மொழியில் படம் பார்க்க அம்மக்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருந்தது.

மெக்சிகோவிலிருந்து வந்த நாடகங்களும் பாட்டும் அந்த நிலையத்துக்கு நேயர்களைத் தந்தன. அதற்கு மதிப்பைத் தந்தது செய்திப் பிரிவு. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழின் பத்தியாளரான ரூபென் சலாசர் 1970இல் கேஎம்ஈஎக்ஸின் செய்தி இயக்குநரானார். மெக்சிக அமெரிக்கர் வாழும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிசின் பள்ளிகளையும் காவல்துறை நடத்தையையும் அவர் செய்தியாக்கினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிரான பேரணியைப் பதிவு செய்யச் சென்றவர், காவல் அதிகாரி ஒருவர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். பிந்திய ஆண்டுகளில் அந்நிலையத்தின் மாலைச் செய்தி, மொழி வேறுபாடின்றி நகரின் முன்னணிச் செய்திகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. நாடகம் எந்த நிலையத்திலும் வரும். குடியேறிய தொழிலாளியின் வாடகை, பள்ளி, கூலி, காவல் நிலையம் ஆகியவை அவருடைய மொழியில் செய்தியானது அங்கே மட்டும்தான்.

3. சொந்த ஊரில் சிறுபான்மை

சென்னையின் நிலைமை லாஸ் ஏஞ்சலிசின் நிலைமைக்கு ஒரு வகையில் நேர்மாறானது. இங்கே தமிழ் நகரின் பெரும்பான்மை மொழி. ஆனால் நிலையம் ஒரு தேசிய அமைப்பின் கிளை; அந்த அமைப்புக்குள் தமிழ் சிறுபான்மை மொழி. 1982 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. மாலையில் தமிழ் நிகழ்ச்சிகள் ஓடி முடிந்ததும், இரவு எட்டரை மணியையொட்டி நிலையம் தில்லிக்குத் திரும்பிவிடும். இந்திச் செய்தி, இந்தி நாடகம், ஆங்கிலச் செய்தி என்று இரவின் முக்கிய நேரம் போகும். 1984இன் ‘ஹம் லோக்’, 1987இன் ‘ராமாயண்’ ஆகியவை தமிழ்நாட்டிலும் பார்க்கப்பட்டன. பிந்தியதைப் பார்த்தவர்களுக்குக் கதை முன்பே தெரிந்திருந்தது உதவியாயிற்று.

தமிழுக்குக் கிடைத்த மணிநேரங்கள் நன்கு பயன்பட்டன என்பதை மறுக்க இயலாது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன ‘எதிரொலி’, உழவர்களுக்கான ‘வயலும் வாழ்வும்’ ஆகியவை ஒரு தலைமுறையின் பொது நினைவாக உள்ளன. தெருவுக்கு ஒரு பெட்டி இருந்த காலம் அது. மீனவக் குப்பங்களில் ஊர்ப் பொதுப் பெட்டியின் முன்னும், பெட்டி வாங்க முடிந்த ஒருவர் வீட்டுத் திண்ணையிலும் ஊரே கூடியது.

இரவில் தமிழ் இல்லாத குறையை 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன் டிவி தீர்த்தது. அதன் பிறகு தமிழில் அலைவரிசைகளுக்குப் பஞ்சமில்லை. தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை 2000இல் ‘பொதிகை’ என்று பெயர் பெற்று, 2024 ஜனவரி 19 முதல் ‘டிடி தமிழ்’ ஆயிற்று. 2006இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது திண்ணைக் கூட்டமும் மறைந்தது. மொழிச் சிக்கல் அத்துடன் முடிந்தது என்றே பலரும் கருதினர். மீனவ ஊர்களில் வைத்துப் பார்த்தால் அது அப்போது முடியவில்லை.

4. வயல் இருந்தது, வலை?

தமிழ் ஒளிபரப்பு உழவரை ஒரு நேயராகத் தெளிவாகக் கண்டது. எந்தப் பட்டத்தில் எந்த விதை, பூச்சிக்கு என்ன மருந்து, சந்தையில் காய்கறி விலை என்ன என்பவை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அன்றாடச் செய்திகளாயின. மீனவரும் அவ்வப்போது இடம் பெற்றார்: கடன் திட்டம், வலை மானியம், இறால் பண்ணை பற்றிய நிகழ்ச்சிகள் வந்தன. ஆனால் உழவுக்குக் கிடைத்த ஒழுங்கான, நாள்தோறும் வரும் கவனம் மீன்பிடிக்குக் கிடைக்கவில்லை. இதற்குத் தொழிலின் இயல்பும் ஒரு காரணம். உழவர் மாலையில் வீட்டில் இருப்பார். மீனவருக்குத் தகவல் வேண்டியது அதிகாலை மூன்று மணிக்கு, படகைத் தள்ளும் முன். அந்த நேரத்தில் நிலையம் உறங்கிக்கொண்டிருந்தது; உறங்காத இன்றைய காலத்தில் பழைய படம் ஓடுகிறது.

மற்றொரு காரணம் ஆழமானது. வயலுக்கு உடைமையாளர் உண்டு. அவருக்கு அறிவுரை சொல்லலாம். பழவேற்காட்டு ஏரி பொது நீர். அங்கே எந்த இடத்தில் எந்த நாளில் எவர் வலை இடுவது என்பதைப் பாடு என்னும் முறையால் ஊர்கள் தமக்குள் பிரித்துக்கொள்கின்றன. முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நல்ல இடங்களில் இறால் மிகுதி. அவற்றை வலியோர் பிடித்துக்கொள்ளாதபடி முறை வைத்துச் சுழற்றுவதே பாடு. அதற்கான உரிமை எந்தக் குடும்பங்களுக்கு, எந்த ஊர்களுக்கு என்பதில் பூசலும் உண்டு. பாடு உரிமை பெற்ற பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தாரின் ஊர்களுக்கு வெளியே ஏரியை நம்பி வாழ்வோரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரும் இருக்கின்றனர். மீன்பிடி பற்றிப் பேச வந்த நிகழ்ச்சிகள் தனி மீனவரை நோக்கிப் பேசின: புது இயந்திரம் வாங்குக, கடன் பெறுக என்றன. நீரைப் பங்கிடும் ஊர் அவற்றின் கண்ணில் படவில்லை. தமிழக மீனவ ஊர்களின் நிருவாகத்தில் இவ்வளவு நுட்பமான ஏற்பாடு நூற்றாண்டுகளாக நடந்து வருவது, தமிழ்த் தொலைக்காட்சியின் நேயர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் தெரியாது. இது பெரும் இழப்பு.

சொல்லிலும் இடைவெளி இருந்தது. சென்னைக் கடற்கரை மீனவர்கள் கடலின் நீரோட்டத்தை அது வரும் திசையை வைத்து அழைக்கின்றனர். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. எந்த மீன் எந்த நீரோட்டத்தில் கிட்டும், எந்த வலை அதில் நிற்கும் என்பவை இந்தச் சொற்களோடு சேர்ந்த அறிவு. செய்தி அறிக்கையின் தமிழில் இவை இல்லை. அங்கே உள்ளவை ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’, ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம்’. இரண்டும் தமிழே. ஆனால் இரண்டாவதை முதலாவதாக மாற்றிக்கொள்ளும் வேலை படகில் இருப்பவரிடம் விடப்பட்டுள்ளது.

5. எச்சரிக்கை

இந்த இடைவெளி உயிர்ச் சேதமாவது புயல் காலத்தில். அதனால் இதைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மீனவர்களுக்கான எச்சரிக்கையைக் கடற்கரை வானொலி நிலையங்கள் வழியாக நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறது. தொலைக்காட்சியில் மக்கள் அதிகம் கேட்டிருப்பது கூண்டு அறிவிப்பு: எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் இன்ன எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது என்பது. இந்தக் கூண்டுகள் துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும் உரியவை. 1, 2 எண்கள் தொலைவில் உருவான புயலைக் குறிக்கும். 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கே கடுங்காற்றோ புயலோ வரக்கூடும் என்பதைக் காட்டும். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம்; புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். 11 வந்தால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். எனவே 6ஐவிட 5 குறைந்த ஆபத்து என்று எண்ணுவது தவறு, வேறுபாடு பக்கத்தில்தான். எண்ணை மட்டும் வாசித்துவிட்டு இதை விளக்காமல் விட்டால், கேட்பவருக்கு மிஞ்சுவது அச்சமோ அலட்சியமோதான். ஒரு நிமிடம் ஒதுக்கி ஒரு வரைபடத்துடன் சொன்னால் தெளியும் செய்தி இது.

இன்ஸாட் செயற்கைக்கோள் வழியான பேரிடர் எச்சரிக்கை அமைப்பு 1980களின் நடுவில் நிறுவப்பட்டபோது, அது முதலில் வந்த கடற்கரைகளில் வட தமிழகமும் தென் ஆந்திரமும் அடங்கும்; பழவேற்காடு அவ்விரண்டும் சந்திக்கும் இடம். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரையைக் கடந்த கடும்புயல் இந்தக் கரையின் ஆபத்தை அப்போது புதிதாக உணர்த்தியிருந்தது. சென்னையின் புயல் எச்சரிக்கை மையத்திலிருந்து மாவட்டத்துக்கெனத் தனிக் குறியீட்டுடன் செய்தி புறப்படும். அந்த மாவட்டத்தில் வைத்த எச்சரிக்கைப் பெட்டிகளில் மட்டும் சங்கு ஒலிக்கும். பின்பு அந்த மாவட்டத்தின் மொழியில் குரல் வரும். தமிழகப் பெட்டியில் தமிழ், ஆந்திரப் பெட்டியில் தெலுங்கு. ஒரு நகரத்திலிருந்து பேசினாலும் கேட்பவர் எவர், எந்த ஊர், எந்த மொழி என்பதை முன்பே கணக்கில் கொண்ட ஒலிபரப்பு இது. தொலைக்காட்சி ஒருபோதும் எட்டாத நுட்பத்தை இந்தச் சிறு பெட்டி எட்டியது. அதன் குறை, பெட்டிகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு என்பதும், அவை பெரும்பாலும் அலுவலகங்களில் இருந்தன என்பதுமே.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் அதிர்ந்தபோது இந்திய நேரம் ஏறத்தாழ ஆறரை. சுனாமி தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு இல்லை. ஆகவே எந்தத் தொலைக்காட்சியாலும் முன்னறிவிக்க இயலவில்லை. ஆனால் புதுச்சேரியின் நல்லவாடு ஊரில் மக்கள் தப்பினர். சிங்கப்பூரில் வேலை செய்த உறவினர் ஒருவர் நடந்ததை அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அது உடனே அறிவிக்கப்பட்டது. அந்த ஒலிபெருக்கி நாள்தோறும் அலையின் உயரத்தைச் சொல்லிப் பழகியது. ஊர் அதன் குரலை நம்பப் பழகியிருந்தது. அன்று காலை அந்தப் பழக்கமே உயிர்களைக் காத்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் செயல்படத் தொடங்கியது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. எச்சரிக்கை உருவான நேரத்தில் குமரிக் கடற்கரையின் ஆழ்கடல் மீனவர் பலர் கரையிலிருந்து வெகுதூரம் போய்விட்டிருந்தனர். கரையில் இருந்த குடும்பங்கள் தொலைக்காட்சியில் புயலின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடலில் இருந்தவர்களுக்கு அந்தக் குரல் எட்டவில்லை.

பழவேற்காட்டில் இன்னொரு வகை எச்சரிக்கையும் தேவை. கடல் எச்சரிக்கை கடலுக்குப் போவோருக்கு. ஏரியில் வலை இடுவோருக்கு ஆறுதான் செய்தி. ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை நிரம்பி நீர் திறக்கப்பட்டால் அது ஆரணியாறு வழியாக ஏரிக்கு வரும். நன்னீர் பெருகினால் ஏரியின் உப்பு குறையும். இறால் முகத்துவாரம் நோக்கி நகரும். கட்டிய வலை அடித்துச் செல்லப்படும். எவ்வளவு கனஅடி, எப்போது வரும் என்பது அவர்களுக்கு மூலதனத்தைக் காக்கும் தகவல். அணை ஆந்திரத்தில், ஏரியின் வாய் தமிழகத்தில். அறிவிப்பு முதலில் தெலுங்கில் பிறக்கிறது. சென்னைச் செய்திகள் அதைக் கரையோர உழவருக்கான வெள்ள எச்சரிக்கையாக வாசிக்கின்றன. ஏரி மீனவரைக் குறித்து ஒரு வாக்கியம் சேர்க்க எவருக்கும் செலவில்லை.

6. செய்தியாகும் ஊர்

பழவேற்காடு சென்னைத் தொலைக்காட்சியில் வருவதே இல்லை என்று சொல்லக்கூடாது. பூநாரை வரும் பருவத்தில் வருகிறது. டச்சுக்காரர்களின் கல்லறைகள் பற்றிய சுற்றுலா நிகழ்ச்சியில் வருகிறது. 2011 டிசம்பர் 25 அன்று ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தபோது பல நாள் வந்தது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து படகுகள் போக வழியின்றி மறியல் நடந்தால், காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு எதிராக ஊர்கள் திரண்டால், அன்றைய செய்தியில் இடம் கிடைக்கிறது. மறியலும் சாவும் செய்தியாகின்றன. முகத்துவாரம் எப்படி, எந்த மாதத்தில், ஏன் தூர்கிறது, வடக்கே நகரும் மணலைத் தெற்கே கட்டிய துறைமுகச் சுவர்கள் எப்படித் தடுக்கின்றன என்பது தொடர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி, அதற்கு இடமில்லை. சலாசர் தம் நிலையத்தில் செய்தது இந்த இரண்டாம் வகை வேலை.

ராக்கெட் ஏவும் நாள் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபரில் ஏவப்பட்டது. பெரிய ஏவுதல்களைத் தூர்தர்ஷன் நாடெங்கும் நேரடியாகக் காட்டுகிறது. பழவேற்காட்டுக் கரையிலிருந்து அதை வெறும் கண்ணாலேயே காணலாம். ஊர் மக்கள் அதைப் பெருமையோடுதான் பார்க்கின்றனர். ஆனால் அந்த நாளில் பாதுகாப்பு கருதிக் கடலுக்குப் போகத் தடை உண்டு. ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டால் தடையும் நீள்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளுக்கு நிவாரணமும் அது பற்றிய செய்தியும் உண்டு. ராக்கெட் நாளின் வேலையிழப்பு நேரடி ஒளிபரப்பின் வருணனையில் ஒரு சொல்லாகக் கூட வருவதில்லை. அந்த வெற்றியில் பங்கு கொண்டோர் பட்டியலில் கரையில் நின்றவர்களையும் சேர்ப்பது ஒளிபரப்பின் கடமை.

7. சிறிய நிலையங்கள்

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் வழியே கல்வி நிறுவனங்களுக்கு 2002இலும், தொண்டு நிறுவனங்களுக்கு 2006இலும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004இல் சென்னையில் தொடங்கியது. சுனாமிக்குப் பின் நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் சமுதாய வானொலி வந்தது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கடல் ஓசை முழுக்க மீனவர்களுக்கானது. காற்று, அலை, கடலின் நலம், பாட்டு எல்லாம் அந்தக் கரையின் பேச்சிலேயே வருகின்றன. படகில் போவோரும் கைபேசியில் அதைக் கேட்கின்றனர். பெருநகர நிலையம் செய்யாமல் விட்ட இரண்டாம் பாதியைச் செய்யும் நிலையம் தமிழில் உண்டு என்பதற்கு அது சான்று.

பழவேற்காட்டுக்கு அதே வடிவம் அப்படியே பொருந்துமா என்றால், சில தடைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் பொதுவாக 100 வாட். ஆண்டெனா உயரம் 30 மீட்டர். அது பத்துப் பதினைந்து கி.மீ. எட்டும். ஏரியோ தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கி.மீ. பழவேற்காட்டு ஊரில் நிறுவினால் தமிழகக் கரையின் குப்பங்கள் பல அடங்கும், வடகரை அடங்காது. தன் செய்தியைத் தானே தயாரித்து வாசிக்கச் சமுதாய வானொலிக்கு உரிமையில்லை. அகில இந்திய வானொலியின் செய்தியைத்தான் மறு ஒலிபரப்பலாம். முகத்துவாரப் போராட்டம் பற்றி அது பேச இயலாது என்பது பெரிய குறை. ஆனால் வானிலை, வெள்ளம், பேரிடர் அறிவிப்புக்குத் தடையில்லை. நிகழ்ச்சிகளில் பாதியாவது ஊர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்றும், உள்ளூர் மொழியும் வட்டார வழக்கும் முன்னுரிமை பெற வேண்டும் என்றும் விதிகளே சொல்கின்றன. வன்னியும் தெண்டியும் அங்கே முதன்முறையாக வானிலை அறிக்கையின் சொற்களாக முடியும். அதே அறிக்கை அடுத்த ஐந்து நிமிடத்தில் தெலுங்கிலும் வந்தால், 1938இல் சென்னை வானொலி செய்த இருமொழி ஏற்பாடு சிறு அளவில் திரும்பும்.

பெரிய நிலையத்தின் பங்கு அதனால் குறைந்துவிடாது. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. டிடி தமிழ் இன்று செயற்கைக்கோள் வழியே, கட்டணமில்லா டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் கிடைக்கிறது. கோபுரம் எட்டும் தூரம் என்ற வரம்பு அதற்கு இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை, மாலை ஏழு மணிக்கு ஒருமுறையும் அதிகாலை மூன்று மணிக்கு ஒருமுறையும், பழவேற்காடு முதல் குமரி வரை கரைவாரியாகப் பிரித்து, காற்று, நீரோட்டம், அலையின் உயரம், அணைநீர், துறைமுகக் கூண்டின் பொருள் ஆகியவற்றைச் சொல்லும் பத்து நிமிட மீனவர் அறிக்கையை அந்த அலைவரிசை நாள்தோறும் ஒளிபரப்பலாம். தரவு இன்காய்ஸிடமும் வானிலைத் துறையிடமும் அன்றாடம் ஆயத்தமாக உள்ளது. வாசிக்கக் கரைப் பேச்சு அறிந்தவர்கள் கரையிலேயே உள்ளனர்.